செட்டிநாட்டு ஊர்களில் குடிமைப் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், பேரிடர்க் காலத்தில் உதவுவதற்காகச் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். ஊரிலேயே இருப்பவர்களும், சென்னை, சிங்கப்பூர், மலேசியா எனப் பிழைப்புக்காக வெளியே சென்றவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறோம். சுற்றியுள்ள மற்ற ஊர்க்காரர்களும் இவற்றைத் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

குடிமைப் பாதுகாப்பு என்பது போர்க்காலத்துக்கு உரியதுதானே? நம் ஊருக்கு அது எதற்கு?

1968ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் எழுதப்பட்டபோது பகைவர் தாக்குதலிலிருந்து மக்களையும் உடைமைகளையும் காப்பதே அதன் நோக்கமாக இருந்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், புயல், வெள்ளம், தீ போன்ற பேரிடர்களையும் அந்தப் பணிக்குள் கொண்டுவந்தது. ஆகவே, கண்மாய்க் கரை உடையாமல் மணல் மூட்டை அடுக்குவதும் இன்று குடிமைப் பாதுகாப்புதான்.

போர் நமக்குத் தொடர்பில்லாதது என்று செட்டிநாட்டில் யாரும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பிறகு பர்மாவிலிருந்து கிளம்பிய இந்தியர்களில் நம் பகுதியைச் சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். கப்பல் கிடைக்காதவர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தார்கள். அந்த நடையைப் பற்றிப் பாட்டனார் சொல்லக் கேட்ட முதியவர்கள் இன்னும் நம் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருந்தாலும், நம் ஊருக்கு அடுத்து வரக்கூடியது ஐப்பசி, கார்த்திகை மழையாகவோ, ஒரு மின்கசிவாகவோ, திருவிழா நெரிசலாகவோ இருக்கவே வாய்ப்பு மிகுதி என்பதால் எங்கள் உழைப்பின் பெரும்பகுதியை அவற்றுக்கே செலவிடுகிறோம்.

மற்ற ஊர்களுக்கு இல்லாத சிக்கல் செட்டிநாட்டில் என்ன இருக்கிறது?

பூட்டிய வீடுகள். ஒரு தெருவில் முகப்பு முதல் பின்தெரு வரை நீளும் பத்து வீடுகள் இருந்தால், அவற்றில் ஆள் குடியிருப்பவை சிலவாகவே இருக்கின்றன. குடியிருக்கும் வீட்டிலும் பெரும்பாலும் ஒரு ஆச்சியோ, வயதான கணவன் மனைவியோ, ஒரு காவலாளோதான் இருக்கிறார்கள். முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதியான வளவில் எட்டுப் பங்காளிகளுக்கு எட்டு அறை இருக்கும்; எட்டு அறைக்கும் எட்டுப் பூட்டு இருக்கும்; சாவிகள் எட்டு ஊர்களில் இருக்கும்.

தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ வந்து சேரும் வரையிலான நேரம் அக்கம்பக்கத்தார் கையில்தான் இருக்கிறது. நகரத்தில் அக்கம்பக்கம் என்றால் சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம். இங்கே சுவருக்கு அப்பால் ஒரு வெற்று வீடு இருக்கலாம், கூப்பிட்டால் கேட்கும் முதல் காது நான்காவது வாசலில் இருக்கலாம். இந்தக் குழு தொடங்கியதற்குக் காரணமே இந்த இடைவெளிதான்.

அதற்கு நீங்கள் செய்திருப்பது என்ன?

முதலில் ஒரு பதிவேடு எழுதினோம். கோயில் வரிக்காக வீட்டுக்கு வீடு புள்ளிக் கணக்கு (வரி செலுத்தும் குடும்பங்களின் கணக்கு) எடுப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. அதே முறையில் தெருத் தெருவாகச் சென்றோம். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: இதில் எந்தச் சமூகத்தவர் என்று பார்க்காமல் ஊரில் உள்ள எல்லா வீடுகளும், கண்மாய்க்கு அந்தப் பக்கம் உள்ள குடியிருப்புகளும், கொல்லைப்புறத்துக் கூரை வீடுகளும் அடங்கும். வெள்ளம் முதலில் நுழைவது அவற்றில்தான் என்பதால் கணக்கை அங்கிருந்தே தொடங்கினோம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே இன்று உள்ளே உறங்குபவர்கள் எத்தனை பேர், அவர்களில் தானாக எழுந்து நடக்க இயலாதவர் யார், இன்சுலின் போன்று தடைபடக் கூடாத மருந்து யாருக்கு உண்டு, மின்சார மெயின் சுவிட்ச் வீட்டின் எந்தக் கட்டில் (பகுதியில்) இருக்கிறது, கிணறு பயன்பாட்டில் இருக்கிறதா, பின்வாசல் திறக்குமா, சாவி யாரிடம் என்று எழுதியிருக்கிறோம். எழுதி முடித்தபோது, தனியாக இருக்கும் முதியவர்கள் நாங்கள் நினைத்ததைவிட மிகுதி என்பது தெரிந்தது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒருவரை நியமித்து, மழை எச்சரிக்கை வந்த நாளில் காலையிலும் இருட்டுவதற்கு முன்பும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். தொலைபேசியில் ‘நல்லா இருக்கேன் அப்பச்சி’ என்று சொல்லும் குரலை மட்டும் நம்பி விடக் கூடாது என்பது எங்கள் அனுபவம்.

பூட்டிய வீடுகளின் பட்டியல் திருடர் கையில் கிடைத்தால்?

இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. தூண், நிலை, கதவு, பெல்ஜியம் கண்ணாடி எனப் பெயர்த்து விற்கக்கூடிய எல்லாமே நம் வீடுகளில் இருக்கின்றன. அதனால் பதிவேடு தாளில் மட்டுமே இருக்கிறது. ஒரே படி, ஒரே பெட்டி, இருவர் பொறுப்பு. எந்த வாட்ஸ்அப் குழுவிலும் அதன் ஒரு பக்கம்கூடப் படமாகப் போடப்படுவதில்லை. ‘நாங்கள் பத்து நாள் ஊரில் இல்லை’ என்று நீங்களும் பொதுக்குழுவில் எழுதாமல், பொறுப்பாளரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள். வீடு பூட்டியிருக்கும் நாட்களை உள்ளூர்க் காவல் நிலையத்தில் தெரிவிப்பது நல்லது.

சாவியை உங்களிடம் கொடுத்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. நாங்கள் கேட்பது தலைவாசல் சாவியும் பின்வாசல் சாவியும் மட்டுமே. அறைச் சாவிகள் வேண்டாம். அந்த வாசல் சாவிகளையும் உங்களுக்கு நம்பிக்கையான, நடந்து வரும் தொலைவில் உள்ள ஒருவரிடம் ஒட்டிய உறையில் வைத்து, அவர் பெயரை மட்டும் எங்களுக்குத் தெரிவித்தால் போதும். தீ, நீர், உள்ளே ஆள் என்ற மூன்று காரணங்களுக்காக மட்டுமே உறை பிரிக்கப்படும். இரண்டு சாட்சிகள் உடன் இருக்க வேண்டும். பிரித்த நேரமும் காரணமும் எழுதப்பட்டு அன்றே உங்களுக்குத் தெரிவிக்கப்படும். பங்காளிகள் பலர் உள்ள வீடு என்றால், எல்லோருடைய ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். ஒருவர் சம்மதிக்க மறுத்ததால் நின்றுபோன வீடுகள் உண்டு. அந்தப் பேச்சை நாங்கள் பேச முடியாது, குடும்பத்துக்குள்தான் பேச வேண்டும்.

பழைய வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நீண்ட விடை தேவை, ஏனெனில் நம் வீடுகள் தீயைப் பொறுத்தவரை ஒரு பக்கம் வலுவானவையாகவும் மறுபக்கம் ஆபத்தானவையாகவும் இருக்கின்றன.

வலு எங்கே என்றால், சுண்ணாம்புச் சுவர் எரியாது. கனத்த தேக்குத் தூண் எளிதில் பற்றாது. பற்றினாலும் வெளிப்புறம் கரியாகி மெல்லவே எரியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு கட்டுக்கும் இடையே கதவு இருக்கிறது, அதைச் சாத்திவிட்டால் புகையும் தீயும் அடுத்த கட்டுக்குப் போவது தாமதமாகும். வானம் பார்த்த முற்றம் புகையை மேலே வெளியேற்றிவிடும். தலைவாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் தெரியும்படி நேர்கோட்டில் கட்டியிருப்பதால், இருட்டிலும் சுவரைத் தொட்டுக்கொண்டே வெளியே வந்துவிட முடியும்.

ஆபத்து எங்கே என்றால், மேற்கூரையின் மரச்சட்டங்களில் பல பத்தாண்டுகளாக உலர்ந்த தூசி படிந்திருக்கிறது. அதன் ஊடாகப் பழைய மின்கம்பிகள் ஓடுகின்றன. கூரை பற்றிக்கொண்டால் ஓடுகள் கொட்டத் தொடங்கும், அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது. இவற்றையெல்லாம்விட எங்களுக்குக் கவலை தருவது அண்மைக் காலத்தில் நாமே செய்துகொண்ட இரண்டு மாற்றங்கள். குரங்குக்கும் திருடனுக்கும் மழைக்கும் பயந்து முற்றத்தின் மேல் கம்பியும் பிளாஸ்டிக் தகடும் போட்டு மூடிவிட்டோம். புகை போக வழி இல்லாமல் போயிற்று. பின்வாசலுக்கு உள்ளிருந்து பூட்டுப் போட்டு, அந்தச் சாவியைப் பூசை அறையில் தொங்கவிட்டோம். நேர்கோட்டு வழி ஒரு முட்டுச்சந்தாகிவிட்டது. முற்றத்துத் தகட்டில் ஒரு பகுதியையாவது கழற்றக்கூடியதாக மாற்றுங்கள். ஆள் உறங்கும் வீட்டில் பின்வாசலுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் இருக்கட்டும், பூட்டு வேண்டாம்.

தீயைக் கண்டதும் முதலில் ஆட்களை வெளியே அனுப்புங்கள். 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். கை எட்டும் இடத்தில் இருந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். கடைசியாக வருபவர் கதவைச் சாத்திக்கொண்டு வரட்டும். புகை இருந்தால் தவழ்ந்து வாருங்கள், தரையோரம்தான் மூச்சுவிடக் காற்று இருக்கும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யாமல் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளியே வந்தவர் பட்டயத்துக்காகவும் நகைக்காகவும் திரும்ப உள்ளே போகக் கூடாது. எங்கள் குழுவினர் வாசலில் உங்களைத் தடுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பலகாரம் போடும் வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, வாணலியை நகர்த்தாமல், அதைவிடப் பெரிய தட்டால் மூடி ஆறவிடுங்கள். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் பலகாரம் போடும் நாட்களில் அடுப்புக்கு அருகில் அப்படி ஒரு தட்டு தயாராக இருக்கட்டும்.

எரிவாயு வாடை வந்தால்?

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. பள்ளமான இடத்தில் போய்த் தங்கும். தாழ்ந்த முற்றம், நிலவறை, சாக்கடை வாய் ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள். விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள். நாடு முழுவதும் எரிவாயுக் கசிவுக்கான எண் அது.

கல்யாணப் பந்தலுக்கு ஏன் இவ்வளவு விதிமுறைகள் சொல்கிறீர்கள்?

2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி எரிந்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரைத் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். இரண்டிலும் தீக்கு உணவானது காய்ந்த கீற்று. உயிர்களைப் பறித்ததில் குறுகலான வழிக்கும் பங்கு உண்டு. நம் தெருக்கள் தீயணைப்பு வண்டி தாராளமாக வரும் அகலத்தில் போடப்பட்டவை. தெருவை அடைத்துப் பந்தல் போடும்போது அந்த நன்மையை நாமே கெடுத்துக்கொள்கிறோம். ஒரு வண்டி போகும் அகலத்தை விட்டுவிடுங்கள். பந்தலுக்கு எதிரெதிராக இரண்டு வழிகள் வேண்டும். ஜெனரேட்டரும் சமையலும் பந்தலுக்கு வெளியே இருக்க வேண்டும். மணல் வாளிகளும் தண்ணீர்த் தொட்டியும் முகப்பில் இருக்க வேண்டும். மஞ்சுவிரட்டுக்கும் தேரோட்டத்துக்கும் இதே விதிதான்: ஆம்புலன்ஸ் வந்து போகும் வழியைக் குறித்து, அதில் கடை போட விடாமல் இருவர் நிற்க வேண்டும்.

வறண்ட சீமையில் வெள்ளத்துக்குத் தயாராவதா?

வறண்ட சீமை என்பதாலேயே நம் முன்னோர் மழையின் ஒவ்வொரு துளியையும் கூரையிலிருந்து முற்றத்துக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும், ஓர் ஊருணியிலிருந்து அடுத்ததற்கும் கொண்டுபோகும்படி ஊரை அமைத்தார்கள். அந்த வரத்துக்கால் அடைபட்டால், சேமிப்புக்காக அமைத்த அதே ஏற்பாடு தண்ணீரை வீட்டுக்குள் திருப்பிவிடும். ஆகவே வெள்ளத் தயாரிப்பு என்பது புரட்டாசி மாதத்தில் மண்வெட்டியோடு தொடங்குகிறது. வரத்துக்கால், முற்றத்துத் தூம்பு, தெருவோர வாய்க்கால் ஆகியவற்றைத் தூர்வாருவதும், கண்மாயின் மிகுநீர் வழிந்தோடும் கலுங்கில் முளைத்த கருவேலத்தை வெட்டி மறுகால் போகும் பாதையைத் திறந்துவைப்பதும் அப்போதே முடிந்திருக்க வேண்டும்.

பெருமழை நாட்களில் கரையை இருவர் இருவராகச் சுற்றிப் பார்க்கிறோம். கரையின் வெளிப்புற அடியில் தெளிந்த நீர் கசிவது ஓரளவு இயல்பு. கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். அப்போது உடனடியாக 1077 எண்ணில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு, கரைக்குக் கீழே உள்ள வீடுகளைக் காலி செய்ய வேண்டும். உடைப்பு எடுத்த பிறகு மணல் மூட்டையோடு ஓடுவதில் பயன் குறைவு. கலுங்கிலும் மறுகாலிலும் நீர் போகும்போது குழந்தைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள்.

கஜா புயலில் நாம் கற்றுக்கொண்டது என்ன?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, கடலோரத்தோடு நில்லாமல் உள்ளே வந்து புதுக்கோட்டை மாவட்டத்தைச் சிதைத்தது. கடலிலிருந்து தள்ளியிருக்கிறோம் என்ற நம் பகுதியின் நிம்மதி அன்றோடு போயிற்று. காற்று சில மணி நேரத்தில் ஓய்ந்தது; மின்சாரம் இல்லாத நாட்கள்தாம் மக்களை வாட்டின. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கம்பம் நடவில்லை. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டி நிரம்பவில்லை, ஆழ்குழாயில் நீர் இருந்தும் எடுக்க வழியில்லை.

அந்த நாட்களில் கைகொடுத்தவை கப்பியும் கயிறும் கிடந்த கிணறுகள். நம் வீடுகளில் கிணறு இல்லாத வீடு அரிது, ஆனால் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிட்டோம். தெருவுக்கு இரண்டு கிணறுகளையாவது கயிறும் வாளியும் கப்பியுமாக ஆயத்த நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பதிவேட்டில் கிணற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கியதும் அதனால்தான். மழை வெள்ளத்துக்குப் பிறகு எந்தக் கிணற்று நீரையும் நன்றாகக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

கைபேசிக் கோபுரங்களும் மின்சாரம் போன சிறிது நேரத்தில் செயலிழக்கக்கூடும். அப்போது செய்தி கொண்டுபோகச் சைக்கிளில் செல்லும் நான்கு இளைஞர்களும், பேட்டரியில் இயங்கும் கோயில் ஒலிபெருக்கியும், ஒரு டிரான்சிஸ்டரும் ஏற்பாட்டில் இருக்கின்றன.

வீட்டில் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும்?

ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் கணக்கில் மூன்று நாளைக்குத் தண்ணீர்; வேகவைக்காமல் உண்ணக்கூடிய அவல், பொரி, வறுத்த மாவு; ஒரு வாரத்துக்கான மருந்துகளும் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டும்; டார்ச்; சில்லறையாகப் பணம்; மூக்குக் கண்ணாடி, செவிக்கருவிக்கான பேட்டரி. பத்திரம், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நெகிழி உறையில் இட்டு, ஒரு தொகுதியை வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்துவையுங்கள்.

சைரன் ஒலித்தால் என்ன பொருள்?

ஏறி இறங்கி ஒலித்தால் வான் தாக்குதல் எச்சரிக்கை. ஒரே சீராக நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கிவிட்டது. 2025 மே 7 அன்று நாடெங்கும் ஒத்திகை நடந்தபோது தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலும் சென்னையிலும் அது நடத்தப்பட்டது. எச்சரிக்கை கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு, சன்னலும் முற்றமும் இல்லாத உள்ளறையில் தரையோரம் இருங்கள். வெறும் செவிவழிச் செய்தியைப் பரப்பாதீர்கள்.

பாம்பு கடித்தால்?

பூட்டிய வீடுகளும் முட்செடி மண்டிய கொல்லைகளும் உள்ள ஊரில் இது அடிக்கடி எழும் கேள்வி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே எதிர்மருந்துதான் அரசு மருத்துவமனைகளில் போடப்படுகிறது. எனவே பாம்பை அடித்து எடுத்துச் செல்ல வேண்டிய தேவையில்லை. கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்கவைத்து, மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, அந்த உறுப்பு அசையாதபடி ஒரு மரச்சட்டத்தை வைத்துத் தளர்வாகக் கட்டி, 108ஐ அழையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது.

கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குபவரைக் கடிக்கும். வலியும் தடிப்பும் பெரும்பாலும் தெரியாது. விடியற்காலையில் ஒருவர் காரணம் தெரியாமல் வயிற்றுவலி என்று சொல்லி, இமை தாழ்ந்து, நாக்குக் குழறினால் பாம்புக்கடி என்றே எண்ணி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முற்றத்தோரம் பாய் விரித்துப் படுக்கும் முதியவர்களுக்குக் கட்டிலும் கொசுவலையும் வாங்கிக் கொடுப்பது, எங்கள் பட்டியலில் மிகக் குறைந்த செலவில் உயிர் காக்கும் செயல்.

ஒருவர் நினைவிழந்து விழுந்தால்?

தட்டிக் கூப்பிட்டும் விழிக்காமல், மூச்சும் இயல்பாக இல்லை என்றால், 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுத்தில் படித்து இதைக் கற்க முடியாது; பயிற்சிக்கு வாருங்கள். சாலை விபத்தில் உதவுபவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு தருகிறது, தயங்காதீர்கள்.

குழுவில் யார் சேரலாம்?

18 வயது நிரம்பிய எவரும் சேரலாம். மாடுபிடிக்கும் உடல்வலு வேண்டும் என்பதில்லை. பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர் எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், முதியோர் வீடுகளுக்குப் போய்வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு சித்திரையிலும் தீத்தொண்டு வாரத்தையொட்டிப் பயிற்சி நடத்துகிறோம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்த வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. சீருடையோடும் முறையான பொறுப்போடும் பணிசெய்ய விரும்பும் இளைஞர்கள் மாவட்டக் காவல்துறை வழியாக ஊர்க்காவல் படைக்கு விண்ணப்பிக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் பணம் அனுப்பினால் போதுமா?

பணம் அடுத்த படி. அடுத்த முறை படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போது, வீட்டில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்: மின்பணியாளரை அழைத்துப் பழைய கம்பிகளைப் பார்க்கச் சொல்லி மின்கசிவுத் தடுப்பான் ஒன்றைப் பொருத்துங்கள், ஆள் இல்லாத நாட்களில் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும்படி காவலாளிடம் சொல்லுங்கள், பின்வாசலைத் திறந்து பாருங்கள், துரு ஏறித் திறக்காமல் இருந்தால் எண்ணெய் விடுங்கள், பங்காளிகள் கூடியிருக்கும்போதே சாவி யாரிடம் என்று பேசி முடித்துக் கையெழுத்து வாங்குங்கள். ஊரில் தனியாக இருக்கும் ஆச்சியின் கட்டிலருகே, பெரிய எழுத்தில், அழைக்க வேண்டிய மூன்று எண்களை எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். முதல் எண் நான்காவது வாசலில் இருப்பவருடையதாக இருக்கட்டும், உங்களுடையது மூன்றாவதாக இருக்கட்டும்.